பள்ளிக்கூடப் பேயை ராத்திரியில் பாருங்கள்

'தி கோஸ்ட் ஆஃப் செயின்ட் மைக்கேல்ஸ்' 1941ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. முதல் தடவை இதை ஒரு மத்தியானம், அடுப்படி வேலைக்கு நடுவே போனில் போட்டுவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு மகளோடு டிவியில் பார்த்தேன். அது வேறு படம்போல இருந்தது. நீங்களும் அப்படியே பாருங்கள்.

போடுவதற்கு முன் வீட்டில் இதை மட்டும் சொல்லிவிடுங்கள். 1939 செப்டம்பர் தொடக்கத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, பிரிட்டன் நகரங்களிலிருந்து சில நாட்களுக்குள் சுமார் 15 லட்சம் பேரை வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். அதில் பெரும்பாலோர் பிள்ளைகள். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி. சில பள்ளிகள் மொத்தமாகவே இடம் மாறின. இந்தப் படத்துப் பள்ளியும் அப்படித்தான் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் ஒரு பழைய கோட்டைக்குப் போகிறது. 1940 செப்டம்பரிலிருந்து 1941 மே வரை லண்டன்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பயத்தோடு வாழ்ந்தவர்களைச் சிரிக்கவைக்க ஈலிங் ஸ்டுடியோ எடுத்த படம் இது.

சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். கோட்டைக் காவல்காரராக வரும் ஜான் லாரி ஸ்காட்லாந்துக்காரர். கோட்டையின் சாபத்தை அவர் 'ர'கரத்தை உருட்டி உருட்டிச் சொல்லும்போது நமக்குப் பாதி புரியாது, ஆனால் முதுகு சிலிர்க்கும். சத்தத்தையும் குறைக்காதீர்கள். பேக்பைப் என்ற, பை வைத்த ஸ்காட்லாந்து ஊதுகுழலின் ஓசை கேட்டால் அங்கே ஒரு உயிர் போகும் என்பது சாபம். அந்த ஓசை தூரத்திலிருந்துதான் வரும், காது கொடுத்தால்தான் பிடிபடும்.

கதாநாயகனாக வரும் நகைச்சுவை நடிகர் வில் ஹேவின் முகத்தை மட்டும் விடாமல் பாருங்கள். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. படத்தில் பாடம் தெரியாத ஆசிரியர் அவர். பையன்களுக்கு அது தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒருவன் கேள்வி கேட்டதும் மூக்கை உறிஞ்சுவார். மூக்கில் கவ்விய கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு பார்வை பார்ப்பார். அந்த நொடியில் அவர் மனசுக்குள் பதிலைத் தேடி ஓடுவது நமக்குத் தெரிகிறது. அப்புறம் தப்பான பதிலை அதிகாரமாகச் சொல்வார். வகுப்பறைக் காட்சியை இரண்டாம் முறை போட்டுப் பாருங்கள், முதல் முறை வசனத்தில் தவறவிட்டது முகத்தில் கிடைக்கும். மாணவனாக வரும் சார்லஸ் ஹாட்ரிக்கு அப்போது 25 வயது தாண்டிவிட்டது. அதை நம்பவே முடியாது.

குற்றவாளி யார் என்று தேடிப் படித்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதையில் சாவு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொரு விஷயத்தைப் படம் முடியும்வரை வைத்திருந்து அப்புறம் சொல்லுங்கள். வில் ஹே நிஜத்தில் வானியல் ஆர்வலர். 1933 ஆகஸ்டில், லண்டனில் தன் வீட்டுத் தொலைநோக்கியில் பார்த்தபோது, சனிக் கோளில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியிருப்பதைக் கண்டுபிடித்தவர். இதைச் சொன்னதும் என் மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மா, அந்த வகுப்பறை சீனை மறுபடி போடு" என்றாள்.