தக்காளித் தோல் மங்கலா, சொரசொரன்னு வருதா? மருந்து வாங்கறதுக்கு முன்னாடி தண்டப் பாருங்க

பழம் பழுக்குது, ஆனா பளபளப்பே இல்ல, தடவிப் பாத்தா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்குன்னு நம்ம கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீட்டுத் தோட்டம் போடறவங்க நெறைய பேர் கேக்கறாங்க, கேட்ட உடனே ஆளுக்கொரு மருந்தும் சொல்லிடறாங்க. தயவுசெஞ்சு உடனே எதையும் அடிக்காதீங்க. காரணம் நாலஞ்சு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற.

மொதல்ல ஈரத்துணியால பழத்தத் தொடைங்க. வெள்ளப் படலம் போயி பளிச்சுனு வந்துட்டா அது போர் தண்ணி உப்புதான், இனிமே செடி மேல ஊத்தாம வேர்ல மட்டும் ஊத்துங்க, முடிஞ்சது.

போகலன்னா பழத்த விட்டுட்டு தண்டுக்கு வாங்க. அடித்தண்டுல பச்ச போயி பித்தளை நெறம் வந்து, மேல இருக்கற பொடி முடியெல்லாம் உதுந்து வழவழன்னு ஆயி, கீழ் எலைல ஆரம்பிச்சு மேல மேல காஞ்சுக்கிட்டே போகுதுன்னா அது ரஸ்ஸெட் மைட், வெறும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சிலந்திப்பேன். இது வலை கட்டாது, அதனால செஞ்சிலந்தின்னு நெனச்சுத் தேடுனீங்கன்னா ஒண்ணும் தெரியாது. மொத்த நீளமே 0.2 மில்லிமீட்டர் அளவுதான், 10 மடங்கு பெருசா காட்டற லென்ஸாவது வேணும். முழுசா காஞ்ச எலைல பாக்காதீங்க, அதுக்கு அடுத்து மேல இருக்கற, இப்பத்தான் நெறம் மாற ஆரம்பிச்ச எலையோட அடிப்பக்கம் பாருங்க, மஞ்சளா ஆப்பு வடிவத்துல கூட்டமா ஊரும். தை மாசில பாலக்காட்டுக் கணவாய் வழியா கெழக்க இருந்து வறண்ட காத்து வீசுமே, அந்தக் காத்துலயே இது செடி விட்டு செடி போயிரும், அப்புறம் வெயில் ஏற ஏற பெருகும். பக்கத்துல மணத்தக்காளி, கத்திரி இருந்தா அதையும் பாத்துருங்க, அதுலயும் ஒளிஞ்சிருக்கும்.

காஞ்ச எலைய வெட்டி கவர்ல போட்டுக் கட்டி வெளிய அனுப்பிருங்க, உரக்குழில போட வேண்டாம். அப்புறம் நனையும் கந்தகம், கடைல வெட்டபிள் சல்பர் 80னு கேட்டா குடுப்பாங்க, லிட்டருக்கு 2 கிராம் கரைச்சு எலை அடிப்பக்கமும் தண்டும் நல்லா நனையற மாதிரி சாயங்காலம் அடிங்க, 7லருந்து 10 நாள் கழிச்சு இன்னொரு தடவ. வெயில் 32 டிகிரிக்கு மேல போனா கந்தகம் எலையக் கருக்கிரும், நம்ம ஊர்ல மாசி பங்குனில அது தாண்டாத நாளே கம்மி, அதனால ஒரு கெளைல மட்டும் அடிச்சு ரெண்டு நாள் பாத்துட்டு மத்ததுக்குப் போங்க. வேப்பெண்ண அடிச்சிருந்தா ரெண்டு வாரம் இடைவெளி கட்டாயம் விடணும், ரெண்டையும் கலக்கவே கூடாது. மூக்குல துணி கட்டிக்குங்க, பறிச்ச பழத்த நல்லா கழுவுங்க.

தண்டு பச்சையா ஆரோக்கியமா இருக்கு, பழத்துல மட்டும் சொரசொரப்புன்னா, போன் கேமராவ ஜூம் பண்ணிப் பாருங்க, காம்பச் சுத்தி இருக்கற தோள் பக்கம் தலைமுடி அளவுக்கு கீறல் கீறலா தெரியும். இது பூச்சியே இல்ல, தண்ணி. ரெண்டு நாள் காயவிட்டு ஒரேடியா ஊத்தும்போது உள்ள சதை வேகமா ஊதுது, தோல் அந்த வேகத்துக்கு இழுபடாது. ராத்திரி பனி, மழைக்கால ஈரம் சேந்தா இன்னும் மோசம், செர்ரி தக்காளிக்கு ரொம்பவே வரும். க்ரோ பேக்ல வெச்சிருந்தா தெனமும் காலைல ஒரே அளவு ஊத்துங்க, மேல தேங்கா மட்டையோ சருகோ மூடி வைங்க, காத்தோட்டம்னு சொல்லி எலைய எல்லாம் கழிச்சு விடாதீங்க, பழத்துக்கு நெழல் வேணும். முட்டை ஓடு போடச் சொல்வாங்க, அது மக்கி சத்தாகறதுக்கே மாசக்கணக்காகும், இந்தக் கீறலுக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தமில்ல.

ஒரு பக்கம் மட்டும் தேஞ்ச மாதிரி இருந்தா ஆடிக்காத்துல குச்சிலயோ கெளைலயோ ஒரசிருக்கும், செடி ஆடாத மாதிரி கட்டுங்க. காம்புலருந்து கீழ வரைக்கும் பழுப்பா ஒரு தையல் கோடுன்னா பிஞ்சுல பூ ஒட்டிக்கிட்டு வந்தது, அத விட்ருங்க.

கீறல் வர்ற செடில பழத்த முழுசா செவக்க விடாம, அடில லேசா செவப்பு எட்டிப் பாக்கும்போதே பறிச்சு சமையக்கட்டுல வெயில் படாத எடத்துல வைங்க, ஃப்ரிட்ஜ் வேண்டாம், சில நாள்ல தானா பழுக்கும். தோல் தடிச்ச பழத்தையும் தூக்கிப் போட வேண்டாம், அழுகல் இல்லாம இருந்தா அடில கத்தியால கூட்டல் குறி போட்டு கொதிக்கற தண்ணில அர நிமிஷம், ஒடனே பச்சத் தண்ணில போட்டா தோல் தானா உரிஞ்சு வரும், ரசத்துக்கு அப்படியே கரைச்சுக்கலாம்.