கூடு கட்டிய காகம் தலையில் கொத்த வந்தால்

வீட்டருகே கூடு கட்டிய காகம் பாய்வது குஞ்சைக் காக்கத்தான். 16 முதல் 19 நாள் அடைகாக்கும்; பொரித்த குஞ்சு பறக்க மேலும் 3 முதல் 5 வாரம் ஆகும். கடைசி நாட்களில்தான் சீற்றம் உச்சத்தில் இருக்கும்.

முடிந்தால் வேறு வாசலைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் குடையை விரித்துப் பிடித்து நடங்கள். காகம் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் தலையைக் குறிவைக்கும். திரும்பி அதைப் பார்த்தபடி மெல்ல விலகினால் பாய்ச்சல் குறையும். ஓடினால் துரத்தும்.

கல்லெறியவே வேண்டாம். காகம் முகத்தை நினைவில் வைக்கும். கூடு காலியான பிறகும் உங்களைக் கண்டால் கத்திக் கூட்டம் சேர்க்கும்.

கூட்டைவிடத் தரையில் தத்தித் திரியும் இளங்குஞ்சுதான் பெரிய சிக்கல். இறகு முளைத்திருந்தால் அது பறக்கப் பழகுகிறது, எடுத்துப்போக வேண்டாம். பாதையில் கிடந்தால் துணியால் மூடித் தூக்கிப் பக்கத்துப் புதரில் விடுங்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறு. குஞ்சைத் தூக்கும்போதும் தலைக்கு மேல் குடை இருக்கட்டும். நாய், பூனையை அந்தச் சில நாட்கள் உள்ளேயே வையுங்கள்.

முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைக்காதீர்கள்; பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். கிளையை வெட்டுவதானால் கூடு காலியான பிறகு வெட்டுங்கள்.