கீமோ நடக்கும்போது வீட்ல இருக்கவங்க என்ன செய்யணும்

நான் கேன்சர் டாக்டர். கீமோ ஆரம்பிக்கிற குடும்பத்துக்கிட்ட முதல்ல சொல்றது, ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைங்கன்னுதான். பெரும்பாலும் கீமோ போட்ட 7லேருந்து 14 நாளுக்குள்ள ரத்தத்துல கிருமிகளோட சண்டை போடுற வெள்ளை அணுக்கள் ரொம்ப குறைஞ்சிருக்கும், அப்போ 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டாலே அது சாதா காய்ச்சல் இல்ல, நடுராத்திரியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க, காலைல பாத்துக்கலாம்னு பாரசிட்டமால் குடுத்து படுக்க வைக்காதீங்க, மாத்திரை காய்ச்சல மறைச்சிடும், உள்ள இன்ஃபெக்‌ஷன் பரவிட்டே இருக்கும். இந்த விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பு.

வாந்தி மாத்திரைய எழுதிக் குடுத்த நேரத்துக்கே குடுத்துடுங்க, வாந்தி வரட்டும்னு காத்திருக்க வேணாம். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, வற்புறுத்தாதீங்க.

அப்புறம் வலி. டாக்டர தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நிறைய பேர் சொல்லாம தாங்கிக்கிறாங்க, அத பாக்குறப்போ எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடும். 0லேருந்து 10க்குள்ள எவ்ளோன்னு நீங்களே கேட்டு, எந்த நேரத்துல ஜாஸ்தியாகுதுன்னும் ஒரு நோட்ல எழுதி எடுத்துட்டு வாங்க. மார்ஃபின்னு எழுதினா கடைசி கட்டம்னு பயந்துடாதீங்க, கடுமையான வலிக்கு குடுக்குற மருந்து அது, அதனால மலச்சிக்கல் வரும், கூடவே அதுக்கும் மருந்து கேட்டு வாங்கிக்கோங்க.