ஹரார்: திங்கள் காலை ஒட்டகம், இருட்டியதும் கழுதைப்புலி

கிழக்கு எத்தியோப்பியாவில் ஹரார் நகரில் நாலு வருடம் குடியிருந்தேன். என் கணவருக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் வேலை. எனக்கு வேலை சந்தைக்குப் போவதும், வருகிற விருந்தாளிகளை ஊர் சுற்றிக் காட்டுவதும்தான். இருபது பேரையாவது அழைத்துப் போயிருப்பேன். பழைய ஊர் முழுக்க ஒரு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும், அதனால் இடம் தேடி அலைய வேண்டியதில்லை. நேரம் தப்பினால்தான் சிக்கல். மூடிய கடைகளையும் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஊரையும் பார்த்துவிட்டு, "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று திரும்பியவர்களும் உண்டு.

முதலில் கடிகாரம். எத்தியோப்பியாவில் மணி சூரியன் உதிப்பதிலிருந்து தொடங்கும். நம் காலை 7 அவர்களுக்கு 1 மணி. நம் மதியம் 12 அவர்களுக்கு 6 மணி. வந்த புதிதில் இது காதில் விழுந்திருந்ததே தவிர புத்தியில் ஏறவில்லை. ஒட்டகச் சந்தைக்குப் போக, "திங்கட்கிழமை ஆறு மணிக்கு வண்டி வேண்டும்" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு விடிகாலையிலிருந்து வாசலில் நின்றேன். மனிதர் உச்சி வெயிலில், சொன்ன நேரத்துக்கு, சிரித்த முகத்தோடு வந்து நின்றார். அவர்மேல் என்ன தப்பு? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சந்தைத் திடலில் சாணமும் கயிற்றுத் துண்டுகளும்தான் மிச்சம். அதற்கப்புறம் யாரிடம் நேரம் பேசினாலும் கைக்கடிகாரத்தைக் காட்டி, முள் எங்கே வரும்போது என்று விரலால் தொட்டுக் காட்டுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். விமானச் சீட்டில் மட்டும் நம் கணக்குதான் இருக்கும். ஆண்டுக் கணக்கும் ஏழெட்டு வருடம் பின்னால் ஓடுகிறது. ரசீதில் பழைய வருடத்தைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அடுத்தது கிழமை. பக்கத்து ஊரான பபிலேயில் ஒட்டகச் சந்தை திங்களும் வியாழனும் கூடும். அதை வைத்துத்தான் பயணத்தைப் போட வேண்டும். சனிக்கிழமை வந்து சேர்ந்தால் ஞாயிறு பழைய ஊர், திங்கள் பபிலே. இல்லையென்றால் செவ்வாய் வந்து வியாழனைப் பிடிக்கலாம். மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்குவதென்றால் வராமலே இருக்கலாம் என்பேன்.

அடிஸ் அபாபாவிலிருந்து சாலை வழி 500 கிலோமீட்டருக்கு மேல், ஒரு பகல் முழுக்கப் போய்விடும். விமானத்தில் ஹராருக்குப் பக்கத்து நகரமான திரே தாவாவுக்கு ஒரு மணி நேரம்தான். கிளம்பும் முன் சாலை நிலவரத்தையும் பாதுகாப்பு அறிவிப்புகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். திரே தாவா 1902இல் ரயில் பாதை வந்து சேர்ந்ததால் பிறந்த ஊர். ரயில் நிலையத்தை ஒட்டிய கெசிரா பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கோடு போட்டது போல நேர்த் தெருக்கள், மர நிழல். மணல் படுகையாகக் கிடக்கும் தெச்சாத்து ஆற்றைத் தாண்டினால் மகலா, பழைய பேட்டை. கெஃபிரா சந்தையைக் காலையில் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள். ஹரார் அங்கிருந்து 55 கிலோமீட்டர், மலைமேல். கீழே வேர்த்துக் கொட்டும். மேலே சாயங்காலம் ஸ்வெட்டர் கேட்கும். வழியில் அவதாய் என்றொரு ஊர் வரும். அங்கே தெரு நிறைய பச்சை இலைக் கட்டுகள். அதுதான் சாட், மெல்லுகிற போதை இலை. இந்த இலை இந்த ஊர் நேரத்தை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பழைய ஊருக்கு ஜுகோல் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஹராரை ஆண்ட அமீர் நூர் எழுப்பிய மதில், ஐந்து பழைய வாசல்கள், பின்னால் வெட்டிய ஒரு பெரிய வாசல். உள்ளே 82 மசூதிகள்; அவற்றில் மூன்று, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்கிறார்கள். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முதல் நாள் மட்டும் அடையாள அட்டை வைத்திருக்கும் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம், ஆளுக்கு இவ்வளவா மொத்தமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். இரண்டாம் நாள் தனியாகச் சுற்றுங்கள். வழி தவறும், தவறட்டும். எந்தச் சந்தில் போனாலும் கடைசியில் மதில் வந்துவிடும். அதை ஒட்டியே நடந்தால் ஒரு வாசல் வந்துவிடும். கால் வலித்தால் பஜாஜ் இருக்கிறது. ஆமாம், நம் ஆட்டோதான். அங்கே அதற்குப் பெயரே பஜாஜ்.

நடுவில் உள்ள ஃபெரஸ் மகலா சதுக்கத்திலிருந்து தொடங்கினால் கீழே இறங்குகிற தெரு ஒன்றுக்கு மகினா கிர்கிர் என்று பெயர். தையல் இயந்திரம் எழுப்பும் சத்தமே தெருப் பெயராகிவிட்டது. இரண்டு பக்கமும் கடைவாசலில் தையற்காரர்கள். எதிரே துணி விற்பவர்கள். துணியை இங்கே எடுத்து அங்கே கொடுத்தால் நீங்கள் நிற்கும்போதே கால் மிதியை மிதித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் ஒரு முறை தலையணை உறைக்குத் துணி கொடுத்தேன். அந்தப் பெரியவர் அளவு நாடாவைத் தொடவே இல்லை, இரண்டு சாண் போட்டுப் பார்த்தார், கத்தரித்தார். உறை இன்னும் கச்சிதமாக என் வீட்டில் இருக்கிறது.

கிதிர் மகலாவில் இறைச்சிக் கடைகள். சைவக்காரர்களும் ஒரு எட்டு போய் வரலாம், இறைச்சிக்காக அல்ல, பருந்துக்காக. கூரைமேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கையில் இறைச்சிப் பொட்டலத்தோடு அசட்டையாக நடப்பவரிடமிருந்து ஒரே வீச்சில் பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஷோவா வாசல் பக்கச் சந்தையில் மசாலா, காபிக்கொட்டை, சாம்பிராணி. எர்ரர் வாசல் பக்கம் கிராமத்து ஒரோமோ இனப் பெண்கள் விறகும் காயும் கொண்டுவந்து விற்பார்கள். உடையைப் பார்த்தால் கேமரா தானாகக் கைக்கு வரும். கேட்காமல் எடுக்காதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், திட்டும் விழும். முதலில் ஏதாவது வாங்குங்கள், அப்புறம் கேளுங்கள். சில்லறையாக பிர் (எத்தியோப்பியப் பணம்) நோட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நேரம் குறைவாக இருந்தால் அருங்காட்சியகத்தை விட்டாலும் ஒரு ஹராரி வீட்டை விடாதீர்கள். சில வீடுகளில் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள், சிலவற்றில் தங்கவும் இடம் உண்டு. கூடத்தில் வெவ்வேறு உயரத்தில் ஐந்து திண்ணைகள், வீட்டுக்குள்ளேயே. யார் எந்தத் திண்ணையில் உட்கார்வது என்று முறை இருக்கிறது. சொல்கிற இடத்தில் உட்காருங்கள். திண்ணைக்குச் செம்மண் நிறம். 1887இல் செலென்கோ போரில், ஹராரைக் கைப்பற்றிய மன்னர் மெனெலிக்கின் படையிடம் விழுந்தவர்களின் ரத்தத்துக்காக அந்த நிறம் என்று வீட்டுக்காரம்மா சொல்வார். சுவர் முழுக்க வண்ணக் கூடைகள், அந்த வீட்டுப் பெண்கள் முடைந்தவை. ஒரு கூடைக்கு மாதக் கணக்கில் வேலை ஆகும், அதனால் விலையைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். வாசற்படிக்கு மேலே சுருட்டி வைத்த கம்பளம் தெரிந்தால் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள் என்று அர்த்தம். பக்கத்தில் குறுகலாக ஓர் அறை இருக்கும். புதுமணத் தம்பதி முன்பெல்லாம் ஒரு வாரம் அதிலேயே இருப்பார்களாம், சாப்பாடு சின்ன ஜன்னல் வழியாகப் போகும். இதைச் சொல்லும்போது அந்தம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

ரெம்போ அருங்காட்சியகத்துக்கு எல்லோரும் போகிறார்கள். பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ரெம்போ 1880 முதல் 1891 வரை விட்டு விட்டு இந்த ஊரில் வியாபாரம் செய்தார் என்பது உண்மை. ஆனால் இப்போது நிற்கும் மர மாளிகை அவர் குடியிருந்தது அல்ல, ஓர் இந்திய வியாபாரி பின்னால் கட்டியது. மாடியிலிருந்து ஊரைப் பார்ப்பதற்காகப் போகலாம். பக்கத்திலேயே ராஸ் தஃபாரி வீடு. அதையும் ஓர் இந்தியர்தான் கட்டியிருக்கிறார். பிற்பாடு ஹைலே செலாசி என்ற பேரரசர் ஆனவர் தேனிலவுக்குத் தங்கிய வீடு. இப்போது அங்கே ஷெரிஃப் அருங்காட்சியகம்: பழைய நாணயங்கள், கையெழுத்துச் சுவடிகள், நகைகள். என்னைக் கேட்டால் இதற்கு ஒரு மணி நேரம், அதற்குப் பத்து நிமிடம்.

இதெல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிட வேண்டும். சாப்பாட்டுக்கு மேல் ஊரில் பாதிப் பேர் சாட் கட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். கடைக்காரர் கண்ணைத் திறந்துதான் வைத்திருப்பார், ஆனால் விலை சொல்ல மாட்டார். இலையை நீட்டினால் புன்னகையோடு மறுக்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பல நாடுகளில் அது தடை செய்யப்பட்டது. ஊர் திரும்பும்போது ஒரு இலைகூடப் பையில் இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். சைவமென்றால் "ஷிரோ" என்று கேளுங்கள்: கடலை மாவில் செய்த காரக் குழம்பு, புளித்த ஆப்பம் போன்ற இஞ்செராவோடு வரும். புதன், வெள்ளி கிறிஸ்தவர்களின் விரத நாள். அவர்கள் உணவகங்களில் "சோம்" சாப்பாடு என்றால் முழுச் சைவத் தட்டு கிடைக்கும்.

இருட்டியதும் கழுதைப்புலி. நம் மணிக்கு ஏழு வாக்கில், மதிலுக்கு வெளியே. இடம் மாறுவதுண்டு, அன்றைக்கே உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள். கூண்டு, வேலி ஒன்றும் கிடையாது. உணவு கொடுப்பவர் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், இருட்டிலிருந்து கண்கள் மட்டும் முதலில் வரும். ஒரு சாண் குச்சியில் இறைச்சித் துண்டைச் சுற்றி உங்கள் கையில் தருவார். தைரியம் இருந்தால் வாயில் கவ்விக்கொள்ளலாம். எனக்குக் கைதான். நான் குந்தியிருந்தபோது பின்னாலிருந்து ஒன்று என் தோளில் இரண்டு முன்னங்காலையும் ஊன்றியது. தேங்காய் நார் மாதிரி முரட்டு மயிர், கன்றுக்குட்டி கனம். பல் குச்சியில் படும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. ஓடாதீர்கள், கையை வீசாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், குழந்தையைத் தனியாக விடாதீர்கள். ஆனால் இது வேடிக்கைக்காக வளர்க்கும் மிருகம் அல்ல. ராத்திரியில் மதில் ஓட்டைகள் வழியே ஊருக்குள் வந்து கழிவைத் தின்றுவிட்டுப் போகும் காட்டு விலங்கு. கெட்ட ஆவிகளையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பது பாட்டிமார் கணக்கு. மொஹரம் மாதத்து ஆஷூரா நாளில் அதற்குக் கஞ்சி வைக்கிற வழக்கமும் உண்டு.

திங்கள் விடிந்ததும் பபிலே. ஹராரிலிருந்து 30 கிலோமீட்டர், ஒன்பது மணிக்குள் திடலில் இருக்க வேண்டும் (கடிகாரத்தைக் காட்டுங்கள்!). முன்கால் மடக்கிக் கட்டிய ஒட்டகங்கள், நடுவில் சோமாலியரும் ஒரோமோக்களும். இரண்டு பேர் கைகுலுக்கியபடி துணிக்குக் கீழே கையை மறைத்து வெகு நேரம் பேசாமல் நின்றால், விரலைப் பிடித்துப் பேரம் நடக்கிறது என்று அர்த்தம். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் நடப்பதேதான். அங்கே நடுவில் புகுந்து படம் எடுக்கக் கூடாது. ஒட்டகத்தின் பின்னாலும் நிற்கக் கூடாது.

பபிலே யானைச் சரணாலயம் 1970இல் ஏற்பட்டது, ஏறக்குறைய 7,000 சதுர கிலோமீட்டர். இதில் நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டு போங்கள். ஜீப்பில் உட்கார்ந்தபடி பார்க்கிற இடம் அல்ல. காவலரோடு முள்ளுக்கும் கள்ளிக்கும் நடுவே எர்ரர் பள்ளத்தாக்கில் நடக்க வேண்டும், யானைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று முறை போனதில் இரண்டு முறை ஈரம் காயாத சாணமும் முறிந்த கிளையும்தான். மூன்றாம் முறை மரத்துக்கு மேலே அசைந்த இரண்டு காதுகள். அதற்கே காவலர் எங்களைத் திரும்பி நடக்கச் சொல்லிவிட்டார். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் யானையை விட்டுவிட்டு, ஜிஜிகா ஊருக்குப் போகும் சாலையில் கொஞ்சம் தள்ளி தகாத்தா பள்ளத்தாக்குக்குப் போங்கள்: ஒன்றன்மேல் ஒன்றாக விழுமோ விழாதோ என்று நிற்கும் பாறைகள், நடுவே பபூன் கூட்டம். வாழைப்பழத்தை வெளியே காட்டாதீர்கள்.

இந்தியாவுக்குத் திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்கள்; பயணத்துக்குப் பத்து நாளைக்கு முன்பே போட்டுவிடுங்கள். ஹராரில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும், விடுதியில் வாளி நிரம்பியிருக்கிறதா என்று சாவி வாங்கும் முன்பே பாருங்கள். பபிலேயில் வேர்க்கடலை வாங்குங்கள், ஹராரில் காபிக்கொட்டை. கொட்டையைக் கடைசி நாள் காலையில் வாங்கி, கண்முன்னே வறுக்கச் சொல்லி, சூடு ஆறிய பிறகு கட்டச் சொல்லுங்கள். நான் ஒரு முறை சூட்டோடு பையில் போட்டுவிட்டேன். என் பட்டுப்புடவை ரெண்டு வருடம் காபி மணத்தது.