இங்க்ஸ்கேப்பில் கட்அவுட் நிழல்: எங்கே சொதப்புகிறது?

தாளில் எழுத்தை வெட்டி எடுத்துவிட்டால், அந்த ஓட்டையின் விளிம்பு அடித்தாளின் மேல் நிழல் போடும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கட்அவுட் நிழல் என்று நாம் வரைய முயல்வது இதைத்தான். இங்கே நிழல் போடுவது எழுத்தைச் சுற்றியிருக்கும் தாள். அதை மறந்தால் சொதப்பல் ஆரம்பம்.

முதலில் வெளிச்சத்தின் திசை. ஒளி இடப்பக்க மேல்மூலையிலிருந்து வந்தால், ஓட்டைக்குள் நிழல் மேல் விளிம்பையும் இட விளிம்பையும் ஒட்டித்தான் விழும். வெளி நிழல் போட்டே பழகிய கை அதைக் கீழே வலப்பக்கம் வைத்துவிடும். அப்புறம் குழிந்து தெரிய வேண்டிய எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கும்.

அடுத்தது, நிழல் போட்டுத் தரும் ட்ராப் ஷேடோ ஃபில்டரில் வகையை மாற்றித் தேர்வது. 'இன்னர்' என்பதில் எழுத்தின் சொந்த நிறம் அப்படியே இருக்கும். அதன் மேல் உள்நிழல் விழும். 'இன்னர் கட்அவுட்' நிறத்தை நீக்கி நிழலை மட்டும் விட்டுவைக்கும். பின்னாலிருக்கும் படம் ஓட்டை வழியே தெரியும். 'அவுட்டர் கட்அவுட்' நிழலை எழுத்துக்கு வெளியே போடும். பெயரில் கட்அவுட் இருக்கிறதே என்று பலர் இதைத் தேர்ந்துவிட்டு, குழிவு வரவில்லையே என்று விழிக்கிறார்கள்.

ஃபில்டர் வேண்டாம், கையால் செய்கிறேன் என்றால் கவனம் இன்னும் வேண்டும். எழுத்தைப் பாத்தாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு குழுவுக்குள் கிடக்கும். குழுவைக் கலைத்து, யூனியன் கொடுத்து ஒன்றாக்குங்கள். பிழை திருத்த மூல எழுத்தின் நகல் ஒன்றும், க்ளிப்புக்கு (வடிவத்துக்கு வெளியே இருப்பதை மறைக்க) இந்தப் பாத்தின் நகல் ஒன்றும் இருக்கட்டும். பெரிய செவ்வகத்தின் மேல் பாத்தை வைத்து டிஃபரன்ஸ் கொடுத்தால் ஓட்டை விழுந்த தாள் கிடைக்கும். அதை ப்ளர் செய்து (மங்கலாக்கி), நகர்த்தி, எடுத்துவைத்த பாத்தால் க்ளிப் செய்ய வேண்டும். க்ளிப் செய்த பிறகு நகர்த்தினால் க்ளிப்பும் கூடவே நகர்ந்துவிடும். செவ்வகம் சிறியதாக இருந்தாலும் தொல்லைதான்: அதன் வெளிவிளிம்பின் மங்கல் உள்ளே வந்து நிழலை வெளிறச் செய்யும்.

இங்க்ஸ்கேப்பின் கோப்பு வடிவமான எஸ்விஜியில் ஒரு பொருளுக்கு ஃபில்டர் முதலில், க்ளிப் அதன் பிறகுதான் செயல்படும். அதனால் க்ளிப் செய்த பொருளுக்கே ப்ளரைக் கூட்டினாலும் எழுத்தின் விளிம்பு கூர்மையாகவே இருக்கும். அதைக் குழுவாக்கி, குழுவுக்கு ப்ளர் கொடுத்தால் விளிம்பும் சேர்ந்து குழைந்துவிடும்.

தமிழ் எழுத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு: புள்ளி. தடித்த கோட்டுக்குப் பொருந்தும் நகர்வு, ம் மேலிருக்கும் சின்னப் புள்ளியை முழுக்க இருட்டாக்கிவிடும். நகர்வின் அளவைப் புள்ளியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கோடுகள் தாமாகச் சரியாகிவிடும். நிழலுக்கு முழுக் கறுப்பும் வேண்டாம். அடித்தாளின் நிறத்தையே ஆழமாக்கிப் போட்டால் போதும்.

கடைசியாக அச்சு. பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது ஃபில்டர் பட்ட பகுதிகள் புள்ளிப்படமாக மாறும். சேமிக்கும்போது வரும் பெட்டியில் வழக்கமாக இருக்கும் 96 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), திரைக்குச் சரி. அழைப்பிதழுக்கு 300 வையுங்கள், இல்லாவிட்டால் நிழல் படிக்கட்டாக அச்சாகும்.