கட்டுப்பாடான நாட்டுக்குப் பயணமா? பெட்டியை இப்படிக் கட்டுங்கள்

உடை விஷயத்தில் கண்டிப்பான நாட்டுக்குப் போகிறோம் என்றதும் பலர் முதலில் செய்வது, கறுப்பில் நாலு அங்கி வாங்குவதுதான். அவசியமே இல்லை. அலமாரியில் ஏற்கெனவே இருப்பதை வைத்தே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். துணியின் கனத்தையும் தையலையும் சரியாகப் பார்த்துவிட்டால் போதும், நிறம் உங்கள் இஷ்டம்.

முதல் வேலை: போகும் நாட்டில் எது சட்டம், எது வழக்கம் என்று பிரித்துத் தெரிந்துகொள்வது. ஈரானில் பெண்கள் தலையை மூடுவது சட்டம், சுற்றுலா வருபவர்களுக்கும் சேர்த்துத்தான். தெருவில் சிலர் தலை மூடாமல் நடப்பதைப் பார்த்தால் சட்டம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். சவுதி அரேபியா 2019இல் சுற்றுலா விசாவைத் திறந்துவிட்டபோது, வெளிநாட்டுப் பெண்கள் அபாயா (உடல் முழுவதையும் மூடும் தளர்வான நீள அங்கி) அணிவது கட்டாயமில்லை என்றது. ஆனால் தோளும் முழங்காலும் மறைய வேண்டும். அபுதாபியில் அபாயா இல்லாமல் ஊர் சுற்றலாம். அங்குள்ள ஷேக் சாயித் பெரிய மசூதிக்குள் போகவோ கணுக்கால்வரை தளர்வான உடையும் தலைத்துணியும் வேண்டும். ஒரே ஊரிலேயே இடத்துக்கு இடம் விதி மாறுகிறது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அந்த நாட்டின் அதிகாரபூர்வ சுற்றுலாத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சோதனை. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி முன் நேராக நின்று பார்த்தால் எந்த உடையும் அடக்கமாகத்தான் தெரியும். அதனால் உடுத்திக்கொண்டு, வெயில் வரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று யாரையாவது முன்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் போனில் படம் எடுங்கள். வெள்ளை லினன் பேன்ட்டுகள் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்: காலின் வடிவம் அப்படியே தெரியும். உள்ளே தோல் நிறத்தில் ஒரு ஸ்லிப் (பேன்ட்டுக்குள் போடும் மெல்லிய உள்ளாடை) போட்டால் சரியாகிவிடும். அப்புறம் இரண்டு கைகளையும் தூக்குங்கள், விமானத்தில் மேலே பெட்டி வைப்பதுபோல. டாப்ஸ் ஏறி இடுப்பு தெரிகிறதா? பிறகு தாழ்வான இருக்கையில் உட்காருங்கள். நிற்கும்போது கணுக்காலைத் தொடும் பாவாடை, உட்கார்ந்ததும் நடுக்காலுக்கு ஏறியிருக்கும். கடைசியாக, கீழே விழுந்த சாவியை எடுப்பதுபோல் குனியுங்கள். கழுத்து அகலமான டாப்ஸ் எல்லாம் இதில் வெளியேறிவிடும்.

தேறியவற்றிலிருந்து, ஒரு வாரப் பயணத்துக்கு இரண்டு பேன்ட், நாலு நீள டாப்ஸ், முன்பக்கம் திறந்த நீளமான மேலங்கி ஒன்று, ஸ்கார்ஃப் இரண்டு எடுத்தால் தாராளம். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிற நிறங்களில் இருக்கட்டும். தளர்வாக உடுத்தினால் மூட்டைபோல் தெரியுமே என்பதுதான் பலருடைய பயம். அது பெரும்பாலும் தோள் தையலில் வரும் கோளாறு. தோள் அளவாக உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் அழகாக விழும். மேலே தொளதொளப்பு என்றால் கீழே நேரான பேன்ட்; இரண்டும் விரிந்தால்தான் மூட்டை. கசங்காத துணியாகப் பார்த்து எடுங்கள். விலை உயர்ந்த உடை கசங்கிக் கிடப்பதைவிடச் சாதாரண உடை மடிப்புக் கலையாமல் இருப்பது எத்தனையோ மேல்.

ஸ்கார்ஃப் விஷயத்தில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இஸ்தான்புல்லில் ஒரு மசூதிக்குப் பளபளப்பான சாட்டின் துணியோடு போனேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது வழுக்கி விழ, கூரையின் வேலைப்பாட்டைப் பார்த்ததைவிடத் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அதிகம். பருத்தியோ விஸ்கோஸோ வாங்குங்கள், 180 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலம் இருக்கட்டும். கட்டுவது எளிது. ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் வருமாறு தலையில் போடுங்கள். தாடைக்குக் கீழே இரண்டையும் சேர்த்து ஒரு பின் குத்துங்கள். நீளமான பக்கத்தைக் கழுத்தைச் சுற்றி எதிர்த்தோளுக்குக் கொண்டுபோய் அங்கே இன்னொரு பின். முடி வழுவழுப்பானவர்கள் உள்ளே பருத்தித் தொப்பி போட்டால் துணி நகராது. காந்தப் பின் கிடைத்தால் அதையே வாங்குங்கள், துணியில் ஓட்டை விழாது.

ஆண்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் வீட்டிலேயே இருக்கட்டும். மெல்லிய முழுநீளப் பேன்ட்டும் காலர் வைத்த சட்டையும் எங்கும் செல்லும். செருப்போ ஷூவோ, சட்டென்று கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், மசூதி வாசலில் நாடா அவிழ்த்துக்கொண்டு நின்றால் பின்னால் வரிசை நீளும். கைப்பையில் ஒரு ஜோடி சாக்ஸ் போட்டு வையுங்கள்.

ஈரான் போகிறவர்களுக்கு ஒன்று: ஸ்கார்ஃபைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். விமானத்தை விட்டு இறங்கும்போதே அது தலையில் இருக்க வேண்டும், பெட்டியோ இன்னும் பெல்ட்டில்கூட வந்திருக்காது.