ஆஃப்டர்கூலரைக் கழற்றும் நேரம் வந்துவிட்டதா?

காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் கேட்பது இதுதான்: "அண்ணே, ஆஃப்டர்கூலரை எத்தனை மணி நேரத்துக்கு ஒருதடவை கழுவணும்?" கையேட்டில் ஒரு மணிக்கணக்கு இருக்கும். ஆனால் ஒரே எஞ்சினை இரண்டு படகில் வைத்தாலும் அழுக்கு ஒரே மாதிரி சேராது. அதனால் கூலரையே அளந்து பாருங்கள்.

எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போ அழுத்தி அனுப்பும் காற்று 150 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். ஆஃப்டர்கூலருக்குள் கடல்நீர் ஓடும் குழாய்களைத் தொட்டுப் போகையில் 50 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். அங்கே 10 டிகிரி கூடினாலே சிலிண்டருக்குப் போகும் காற்று சுமார் 3 சதவீதம் குறையும். டீசல் அதே அளவு, காற்று குறைவு என்றால் கறுப்புப் புகைதான். புகை தெரிகிற அன்று, கூலர் கெட்டு நாளாகியிருக்கும்.

முதல் படி, கூலர் சுத்தமாக இருக்கும் நாளில் செய்ய வேண்டியது. நல்ல லோடில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஆர்பிஎம், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), கூலருக்குள் போகும் கடல்நீரின் சூடு, மேனிஃபோல்டில் (கூலரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் காற்றுக்குழாயில்) காற்றின் சூடு, கூலருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். வித்தியாசத்துக்கு இரண்டு கேஜ் வைத்துக் கழிக்காதீர்கள். கேஜின் பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டு பக்க அழுத்த வித்தியாசத்தை நேரடியாகக் காட்டும் டிஃபரன்ஷியல் கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

அப்புறம் மாதம் ஒருமுறை, அதே ஆர்பிஎம், அதே லோடு. கடல்நீர் 28, காற்று 44 என்றால் இடைவெளி 16. வெயில் காலத்தில் நீர் 30, காற்று 46 ஆனாலும் இடைவெளி அதே 16தான், பயப்பட ஒன்றுமில்லை. இடைவெளி 26 ஆனால் கூலர் முறையிடுகிறது என்று அர்த்தம்.

எந்தப் பக்கம் அழுக்கு? அழுத்த வித்தியாசம் ஏறியிருந்தால் காற்றுப் பக்கம்: ஃபின் இடுக்கில் எண்ணெயும் தூசியும் பிசுக்காக அப்பியிருக்கும். பெரிய எஞ்சின்களில் புதிதாக இருந்ததைவிட 50 சதவீதம் கூடினால் கழுவுவது வழக்கம். உங்கள் கையேடு வேறு எண் சொன்னால் அதைப் பிடியுங்கள். வித்தியாசம் மாறாமல் சூடு மட்டும் ஏறினால் நீர்ப் பக்கம்: கொட்டலசு (ஒட்டி வளரும் கடல் உயிரி), சுண்ணாம்பு. ஆனால் ஸ்பேனரை எடுக்குமுன் கடல்நீர் வடிகட்டியையும் பம்ப் இம்பெல்லரையும் பாருங்கள். நான் ஒருமுறை கூலரைக் கழற்றி, ஒரு நாள் முழுக்க ஊறவைத்துக் கழுவி மாட்டினேன். சூடு குறையவில்லை. வடிகட்டியில் ஒரு பிளாஸ்டிக் கவர்!

எஞ்சினை நிறுத்தியதும் கூலரின் அடியிலுள்ள வடிகாலையும் திறந்து பாருங்கள். சென்னையின் ஈரக்காற்றில் கொஞ்சம் தண்ணீர் வருவது சகஜம். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டைக் கரண்டியில் விட்டு நெருப்பில் காட்டுங்கள். வெள்ளையாக உப்பு படிந்தால் குழாய் ஓட்டை. அதற்குமேல் ஸ்டார்ட் செய்யக்கூடாது; சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எண்கள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கூலரைக் கழற்றத் தோதானது. கேஸ்கெட்டையும் ஜிங்க்கையும் (கூலர் அரிக்காமல் தான் கரையும் துத்தநாகத் துண்டு) மட்டும் மார்ச்சிலேயே வாங்கி வையுங்கள், தடை தொடங்கியதும் எல்லாப் படகுக்காரர்களும் ஒரே கடை வாசலில்தான் நிற்பார்கள்.